ஒரு ஃபேஸ் இல்லை

குளச்சலில், ஐஸ் பிளாண்டுக்கு நேர் பின்னால்
வீடு பிடித்தது என் புத்தி.
மாடியில் ஒரு மரச்சட்டம்; அதில் நாற்பது சுற்றுச் செம்புக்கம்பி,
கருகிய மோட்டாரின் வயிற்றிலிருந்து உருவியது.
துணி காயப்போட வந்த வியாகுலம்மாள் கேட்டாள்:
"இது புறா பிடிக்கவாக்கும்?"
மணி பிடிக்க, என்றேன்.
போனில் இல்லாத மணியா என்கிற முகத்தோடு
கிளிப்புகளை எண்ணியபடி இறங்கிப்போனாள்.

பகலில் துறைமுகத்து வயர்லெஸ் பெட்டிகளுக்கு நான் வைத்தியச்சி.
உப்பு தின்ற முனைகளைச் சுரண்டிக் கொடுத்தால்
கடலுக்குள் போனவர்கள் பேசுவார்கள்.
ராத்திரியில் எனக்கு வேறு வேலை:
அறுபத்தாறும் மூன்றில் இரண்டும் கிலோஹெர்ட்ஸ்.
மாஸ்கோவுக்கு வடக்கே ஒரு நிலையம்
நேரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது,
இந்தக் கடற்கரையை மனதில் வைத்து அல்ல.

அது உரக்கச் சொல்வதில்லை. முணுமுணுப்பதுமில்லை.
குரல் ஒரே அளவு.
அலை தன் முறைக்கு மயிரிழை முந்தும், மயிரிழை பிந்தும்.
அந்த ஆட்டம் நொடிக்கு நூறு என்றால் சுழி,
முன்னூற்றுப் பன்னிரண்டரை என்றால் ஒன்று.
நொடிக்கு இரண்டு துணுக்கு. நிமிடம் முழுதும் சேர்ந்தால்தான்
நாள், மணி, வருஷம்.

ரேடியோ என்று என்னிடம் எதுவுமில்லை.
கட்டைவிரல் அளவு டாங்கிள், கீல் விட்ட லேப்டாப்,
நானே எழுதிய முந்நூறு வரி.
ஃபில்டர் கணக்கு, டிடெக்டர் கணக்கு.
தப்பு நடந்தால் புகை வராது,
எந்த வரி கருகியது என்று மூக்குக்குத் தெரியாது.

திரையில் நிறம் கொட்டும் படத்துக்கு
வாட்டர்ஃபால் என்று பேர்.
பதினோரு ராத்திரியாக அது
மழைக்காலத்துத் திற்பரப்பு போலக் கலங்கியே விழுந்தது.
கலக்குபவன் யாரென்று தெரியும்.
"பென்சிகர், அந்த கம்ப்ரஸரை
ஒரு பத்து நிமிஷம் நிறுத்தினா என்ன?"
"நாலு வள்ளத்து மீனு கெடக்கு. நீ வந்து ஊதுதியா?"

பிறகு, ஐப்பசி, நடு இரவு தாண்டி,
தெருவில் பாதி இருண்டது.
எதிர்வரிசையில் விளக்கு; என் வரிசையில் இல்லை.
பிளாண்டின் உறுமல் ஒரு விக்கலோடு நின்றது.
பென்சிகரின் குரல் மட்டும், லைன்மேனுக்கு:
"ஒரு ஃபேஸ் இல்ல அண்ணே, ஒரு ஃபேஸ் போச்சு!"

திரையில் அருவி கறுத்துத் தெளிந்தது.
நடுவே, நூல் பிடித்தாற்போல, ஒரு கோடு.
நொடிக்குப் பத்து முறை கண்சிமிட்டும் கோடு.

பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.
முதல் நிமிடத்தில் கடலுக்குமேல் மின்னல்:
ஒற்றை இரட்டைக் கணக்கு உதைத்தது.
இரண்டாம் நிமிடத்தில் வியாகுலம்மாள் வீட்டு இன்வெர்ட்டர்;
தண்ணீர் ஊற்றி வருஷமான பேட்டரி,
சிணுங்கிச் சிணுங்கி அணைந்தது.
கொசுவையும் மின்வாரியத்தையும்
ஒரே மூச்சில் ஏசினாள்.
வெட்கமாய் இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்,
லைன்மேனின் பைக் ஸ்டார்ட் ஆகக்கூடாது, இன்னும் ஒரு நிமிடம்.

மூன்றாவது நிமிடம்
சுழியும் ஒன்றும் வரிசை கலையாமல் இறங்கின.
அங்கே புதன்கிழமை, இரவு பத்து நாற்பத்தேழு.
இரண்டரை மணி கூட்டினேன்:
இங்கே வியாழன், ஒன்று பதினேழு.
வழியில் செலவான மில்லிநொடி இருபத்தொன்றையும் கூட்டினேன்.
லேப்டாப்பின் கடிகாரம் நான்கு நொடி பிந்தி,
கூச்சமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து கத்தலாம்போல இருந்தது.
யாரிடம்?

விளக்கு வந்தது. கோடு போயிற்று.
உறுமல், கலங்கல், பழையபடி திற்பரப்பு.
போன் அடித்தது. பென்சிகர்.
"நோட்டுல எழுதணும். கரண்ட் எப்ப போச்சுன்னு பாத்தியா?"

பதிவில் பின்னோக்கி எண்ணிச் சொன்னேன்:
"ஒன்று பதினாலு. நாற்பத்திரண்டு நொடி."

"சரி," என்றான்,
"ஒன்னேகாலுன்னு எழுதுதேன்."